டைகர் லாரியில் அடிபடவில்லை

சேகர்,

உன் இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. நலம் விசாரித்து எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீசர் வீட்டுப் பொமேரியன் நாலு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றை மீனாவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆறு வயதுப் பெண் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் அதே நினைப்பாக இருக்கிறாள். இதெல்லாம் புரிந்தது. கடைசி மடிப்பில், இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'நாய் வேண்டும் என்று அடம் பிடித்தாள், பெல்ட்டால் இரண்டு வைத்தேன். என் கையால் ஒன்று செத்தது போதும், இன்னொன்று வேண்டாம் அப்பா.'

இந்தக் கடிதம் அந்த இரண்டு வரிக்குப் பதில். இன்றைக்குப் பஞ்சர் கடையைத் திறக்கவில்லை. ரோட்டில் இரண்டு லாரி நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. போகட்டும். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ அந்த நாயைக் கொல்லவில்லை. நீ அவிழ்த்துவிட்டதால் அது சாகவில்லை. எப்படிச் செத்தது என்று எனக்குத்தான் தெரியும், ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நடுவிலிருந்து தொடங்கினால் எங்காவது நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது பதினொரு வயது. மெட்ராஸிலிருந்து திருச்சிக்குப் போன ஒரு ஃபியட் கார் பாடாலூர் தாண்டும் முன் பஞ்சராகி நம் கடை வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு அம்மாள், மடியில் மூங்கில் கூடை, கூடைக்குள் வெள்ளை வெளேரென்று மூன்று குட்டி. வெயிலில் ஒன்று வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தது. நீ ஓடிப்போய்ப் பானைத் தண்ணீரில் துணியை நனைத்து அதன் வாயில் பிழிந்தாய். அது கண்ணைத் திறந்ததும் அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, "இது திருச்சி வரைக்கும் தாங்காது, நீயே வச்சுக்கறியாப்பா?" என்று உன்னைக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். அந்த மாதத்தில்தான் கடையில் இரண்டு ரிம் களவு போயிருந்தது, காவலுக்கு நாய் தேடி நானும் அலைந்துகொண்டிருந்தேன். மெட்ராஸ் நாய் என்றால் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளரும் என்று நானாக நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் டைரியில் ஒரு தாளைக் கிழித்து, எப்படி வளர்ப்பது என்று இங்கிலீஷில் மளமளவென்று எழுதிக் கொடுத்தார். கார் கிளம்பியதும் நான் அந்தத் தாளில் கிரீஸ் கையைத் துடைத்து எறிந்தேன். ஒரு நாய் வளர்க்க எனக்கு எழுதித் தர வேண்டுமா என்கிற திமிர்.

நீ அப்படிச் செய்யாதே. ஆபீசர் வீட்டு அம்மாளிடம் போய் உட்கார்ந்து, குட்டி இப்போது என்ன தின்கிறது, எத்தனை வேளை தின்கிறது என்று கேட்டு எழுதிக்கொள். முதல் ஒரு வாரம் அதையே கொடு. வயிறு கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும், அதனால் ஒரே வேளையில் திணிக்காமல் நாலு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வை. தாய் படுத்த துணியில் ஒரு துண்டு வாங்கி வந்து அது படுக்கிற இடத்தில் போடு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். பிற்பாடு ஒரு கால்நடை டாக்டர் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க அடிக்கடி வருவார், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த நாய்க்கு என்று அவர் கேட்கவில்லை, அது செத்துவிட்டது என்று நானும் சொல்லவில்லை.

நான் அதற்கு டைகர் என்று பெயர் வைத்தேன். நீ எனக்குத் தெரியாமல் பஞ்சு என்று கூப்பிட்டாய். பஞ்சு என்றால் ஓடி வரும், டைகர் என்றால் திரும்பியும் பார்க்காது. கூப்பிட்டால் வராத நாயை என்ன செய்வார்கள், நானும் அதையே செய்தேன். ஃபேன் பெல்ட் ஒன்று சுவரில் தொங்கும், உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. அது உனக்கும் அதற்கும் பொது. கட்டுவதற்கு வார் வாங்கவில்லை, லாரிப் பின்கதவில் கழன்ற சங்கிலியைக் கழுத்தில் மாட்டினேன். சங்கிலியின் கனம் நாயின் கனத்தைவிட அதிகம். இரண்டு எட்டு வைத்தால் முகம் தரையில் இடிக்கும். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்து, பிறகு புண்ணாயிற்று.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த பெரியசாமி நாய் விஷயத்தில் என்னைவிடப் பெரிய மேதாவி. "காத நறுக்கி வுட்டாத்தாண்ணே நாயிக்கு ரோசம் வரும். இப்புடியே வுட்டீங்கன்னா வர்றவன் காலத்தான் நக்கிக்கிட்டு கெடக்கும்" என்றார். நம் பக்கத்தில் பட்டி நாய்க்கு அப்படிச் செய்வது உண்டுதான். புது பிளேடு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். உன்னைக் கூப்பிட்டு அதன் கால்களைப் பிடிக்கச் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "கண்ணத் தொறந்து பாருடா, ஆம்பளப் பய" என்று உன் மண்டையில் ஒன்று வைத்தேன். காது உன் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. இரண்டையும் நறுக்கிச் சாம்பலை அப்பினேன். அது கத்தின கத்தலுக்கு ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் சட்டையெல்லாம் ரத்தம். பிறகு அதே பெரியசாமி சொன்னபடி வரமிளகாயும் குளவிக்கூடும் இடித்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன், கோபம் வருமென்று. கோபம் வரவில்லை, ரத்தமாகப் பேதி போயிற்று. நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மோரை விரலில் தொட்டுத் தொட்டு நக்க வைத்தாய். அதற்கும் அடித்தேன், பள்ளிக்கூடம் போகாததற்கு.

இத்தனைக்கும் நடுவில் நான் காத்திருந்தேன், அதுதான் சிரிப்பு. இன்றைக்கு வளரும், அடுத்த மாதம் வளரும் என்று காத்திருந்தேன். மூன்று மாதமாயிற்று, நாலாயிற்று. ஸ்கூட்டர் டயருக்குள் சுருண்டு படுத்தால் இடம் மிச்சம் இருந்தது. அதுவும் பொமேரியன், அவ்வளவுதான் வளரும், ஜாதியே அப்படி என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்களில் யாருமே அதற்கு முன் அப்படி ஒரு நாயைப் பார்த்ததில்லை. நீ மட்டும் ஒரு நாள், "யப்பா, இது சின்ன நாயிதாம்ப்பா, இப்புடியேதான் இருக்கும்" என்று சொன்னாய். எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்டேன். நீயும் அந்த வயதுக்குச் சிறுத்துத்தான் இருந்தாய் சேகர். உன்னைப் பார்க்கும்போதெல்லாம், இவன் எப்போது வளர்ந்து லாரி டயரைப் புரட்டப் போகிறான் என்றுதான் எனக்கு ஓடும். இரண்டு பேரையும் அடித்தே வளர்த்துவிடலாம் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

ஒரு லாரி டிரைவர் வந்து, "என்னண்ணே, கடையில மொயலு வளக்கிறீங்களா? கறிக்கா?" என்று கேட்டான். டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பழைய லாரி டயர்களை வட்டமாக அடுக்கி, நடுவில் பெரியசாமியின் நாட்டு நாயையும் நம் டைகரையும் விட்டேன். அடிபட்டால்தான் புத்தி வரும் என்று சொன்னேன். நாட்டு நாய் உறுமிக்கொண்டு வந்தது. டைகர் ஓடவும் இல்லை, குரைக்கவும் இல்லை. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. நாட்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, நறுக்கின காதை நக்கிக்கொடுத்து, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. நான் டயரைத் தாண்டிக் குதித்து இரண்டு நாயையும் உதைத்தேன். நாட்டு நாய் ஓடிவிட்டது. டைகருக்குச் சங்கிலி இருந்தது, அதனால் ஓட முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உன் அம்மா பெரம்பலூருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். டீக்கடை பூட்டியிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் புது ஜாக்கியைக் காணோம். பட்டப்பகலில், நாய் படுத்திருக்கிற இடத்திலிருந்து நாலு அடியில் வைத்திருந்த ஜாக்கி. எடுத்துக்கொண்டு போனவனின் காலை நக்கி வழியனுப்பியிருக்கும் என்று நினைத்தேன். சங்கிலியைப் பார்த்தேன், வெறும் சங்கிலிதான் கிடந்தது. கழுத்துப் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் போட நீ அதை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு காற்றடிக்கிற மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் சுவரிலிருந்து பெல்ட்டை எடுத்தேன்.

"அத கீழ வுடுடா" என்றேன். நீ அதைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாய். "மாட்டேம்ப்பா" என்றாய். பிறந்ததிலிருந்து நீ எனக்குச் சொன்ன முதல் மாட்டேன் அது. எத்தனை அடி அடித்தேன் என்று தெரியாது. நீ முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டாய், அது வெளியே வராமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாய். நான் உன் முடியைப் பிடித்துத் தூக்கி மெஷின் பக்கமாகத் தள்ளினேன். இரும்பு விளிம்பில் நெற்றி பட்டது. உன் இடது புருவத்தில் இன்றைக்கும் முடி முளைக்காத அந்த இடம்தான். நீ சத்தமில்லாமல் சரிந்தாய். அதன் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

நீ விழுந்த பிறகும் நான் கையை ஓங்கினேன் சேகர். நினைவில்லாமல் கிடந்த பிள்ளையை அடிக்க ஓங்கினேன். அப்போது உன் சட்டைக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. வாசல் திறந்துதான் இருந்தது. கழுத்தில் சங்கிலியும் இல்லை. ஓடியிருக்கலாம். ஓடவில்லை, உன் மார்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. நாலு மாதத்தில் அது யாரையும் பார்த்து அப்படிக் குரைத்ததே இல்லை. பெல்ட் இறங்கும்போது எகிறி என் வலது கையைக் கவ்வியது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். உதறினேன். விடவில்லை. அதைச் சுவரில் மோதினேன். அப்போதும் விடவில்லை. என் இடது கைக்கு, டயரை நெம்பிக் கழற்றுகிற இரும்பு லீவர் எட்டியது.

இரண்டு அடி. இரண்டாவது அடிக்கு அவசியமே இருக்கவில்லை.

அதன் வாயைப் பிரித்துத்தான் என் கையை எடுக்க வேண்டியிருந்தது. உனக்குத் தண்ணீர் தெளித்தேன், மூச்சு இருந்தது, நெற்றியில் துணியைக் கட்டிக் கயிற்றுக் கட்டிலில் போட்டேன். நியாயமாக உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. நாயைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய், சாக்கை உருவிவிட்டு ரோட்டில் வைத்தேன். உன் அம்மா வருவதற்குள் ஒரு காரணம் வேண்டியிருந்தது. முதலில் வந்த லாரிக்காரர் வண்டியை ஒடித்து விலகிப் போனார். உயிரோடு படுத்திருக்கிறது என்று நினைத்திருப்பார். போகிறபோது தலையை வெளியே நீட்டி, "நாயப் புடிச்சுக் கட்டுங்கய்யா" என்று சத்தம் போட்டார். இரண்டாவது வண்டி விலகவில்லை.

நீ கண் விழித்ததும் கேட்டது, "பஞ்சு எங்கப்பா?" நான் சொன்னது உனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கும். "நீதான சங்கிலிய அவுத்து வுட்ட. ரோட்டுக்கு ஓடிப்போயி லாரியில மாட்டிக்கிச்சு." அவ்வளவுதான் சொன்னேன். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்தும் அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உன் நெற்றிக்குத் தையல் போடும்போது டாக்டரிடம் லாரியிலிருந்து விழுந்தான் என்றேன். என் கையைக் காட்டித் தெருநாய் கடித்தது என்றேன். அவர், கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அது எங்கே போயிற்று தெரியவில்லை என்றேன். அப்படியானால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார். பதினாலு நாளும் பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டேன். வயிறு கல்லாக வீங்கிவிடும், திரும்பும்போது உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவேன். ஒரு நாள்கூட, இதோ வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றவில்லை. உன் அம்மா என் கைக்கட்டை அவிழ்த்துக் கழுவும்போது, "தெருநாயிக்கு இம்மாஞ் சின்னப் பல்லாங்க?" என்று கேட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை, போன வருஷம் சாகிற வரைக்கும் கேட்கவில்லை.

அதோடு உன்னை அடிப்பதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. உனக்குப் பதினாறு வயதில், ஓங்கின பெல்ட்டை நீ பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாயே, அன்றைக்குத்தான் நின்றது. திருந்தியதால் இல்லை, உன் பிடி என் பிடியைவிடப் பலமாக இருந்ததால். நீ மேல் சட்டை போடாமல் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நீ கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாய், கேட்டைப் போய்ப் போய்ப் பார்க்கிறாய் என்று உன் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருஷமாக நீ போட்ட அத்தனை தாழ்ப்பாளும் நான் சொன்ன ஒரு பொய்க்காகப் போட்டது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் வெட்கப்படுகிறேன், அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நீ இருக்கிற அரியலூர் அப்படி என்ன தூரம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் வேறு ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன், காகிதம் என்றால் திரும்பிப் பார்க்காது. இனி நீ கூப்பிட்டால்தான் வருவேன். கூப்பிடாவிட்டால் அதிலும் ஒரு தப்பும் இல்லை. மீனா, தாத்தா ஏன் வரவில்லை என்று கேட்டால், பெரியவளானதும் இதை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். போய் அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வா. அது அவ்வளவுதான் வளரும், வளரவில்லையே என்று பார்க்காதே. பெயரை மீனா வைக்கட்டும். மெல்லிசான வார் போதும், சங்கிலி வேண்டாம். கட்டிலிலிருந்து குதிக்க விடாதே, கால் எலும்பு தீக்குச்சி மாதிரி இருக்கும். உங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் வெயிலில் மத்தியானம் வெளியே விடாதே, ஈரச் சாக்கு ஒன்றைத் தரையில் போட்டுவிட்டால் அதிலேயே படுத்துக்கொள்ளும். கோழி எலும்பு போடாதே. ஊசி போடுகிற டாக்டர் எங்கே இருக்கிறார் என்று குட்டி வருவதற்கு முன்னால் விசாரித்து வை. அதற்கும் முன்னால், மீனாவை உட்கார வைத்து, உன்னை அடித்தது அப்பாவின் தப்பு என்று உன் வாயால் சொல். எனக்கு ஆன காலம் உனக்கு ஆக வேண்டாம், இந்தக் கடிதம் வந்து சேருகிற அன்றைக்கே சொல்.

உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம். வேறொரு நாள் உனக்கும் தலைக்கு ஏறும், அந்தப் பெண்ணின் மேல் கையை ஓங்குவாய். அப்போது அந்தக் குட்டி எகிறி வந்து உன் கையைக் கவ்வினால் உதறாதே. வலிக்கத்தான் செய்யும். அது தானாக வாயை விடுகிற வரைக்கும் கையை அப்படியே வைத்திரு.

அப்பா